நீங்க நிக்கிற எடம்தான் சார்

சர்வேயர் தணிகாசலத்தின் இடது கால் எங்கள் ஊர்க் கழுவெளியில் நனைந்து, அதன் பிறகு எங்கே போயும் காயாமல் போனதற்குப் பூங்காவனம் சொன்ன ஒரு பொய்தான் காரணம் என்று தாலுகா முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். அது பொய் இல்லை, மரியாதை என்பதை வெளியூர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் ஊர் சம்புவாக்கம். ஊர் கிழக்கே முடிகிற இடத்தில், கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து தேங்குகிற சதுப்பான கழுவெளி ஆரம்பிக்கிறது. ஆரம்பிக்கிறது என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். ஐப்பசியில் அது பள்ளிக்கூடத்துப் படியில் ஆரம்பிக்கும், சித்திரையில் கானல் எது தண்ணீர் எது என்று தெரியாத தூரத்தில் ஆரம்பிக்கும், கடல் ஏறுகிற நாளில் ஒரு மாதிரி, இறங்குகிற நாளில் ஒரு மாதிரி. காலையில் கோரை அறுக்கப் போனவள் கரையில் கழற்றிப் போட்ட செருப்பு மத்தியானம் அவள் திரும்பும்போது மிதந்துகொண்டிருக்கும், அவளும் அதை எட்டிப் பிடித்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து உலை வைப்பாள். எங்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. கஷ்டமெல்லாம் எல்லை கேட்டு வருகிறவர்களுக்குத்தான்.

குதிரையில் வந்த துரைகள் காலத்திலிருந்து, மாட்டுவண்டியில் வந்தவர்கள், ஜீப்பில் வந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் என்று யார் எல்லை கேட்டு வந்தாலும் எங்கள் ஊரில் ஒரே முறைதான். வந்தவரை ஊருக்குள் நிற்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கடைசி வீட்டையும் தாண்டி அழைத்துப் போவோம். அந்த வீட்டின் பின்பக்கம் தரை மெத்தென்று ஆகிற இடத்தில் அவர் தயங்கி நிற்பார், பூட்ஸைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், முகத்தைத் துடைத்துக்கொண்டு "எங்கேப்பா எல்லை?" என்பார். உடனே கடைசி வீட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு சொல்வார்கள்: "நீங்க நிக்கிற எடம்தான் சார்." அவருக்குச் சேற்றில் இறங்க வேண்டாம், எங்களுக்கு வீடெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். இதைவிடப் பெரிய மரியாதையை ஒருவருக்கொருவர் எப்படிச் செய்துகொள்ள முடியும்?

அதனால்தான் எங்கள் கழுவெளியின் பழைய படங்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. ஒரு படத்தில் எல்லை நேராக வந்து, ஒரு பனைமரத்தைச் சுற்றி வளைந்து, மறுபடி நேராகப் போகும். அந்த அதிகாரி நிழல் தேடி நின்ற இடம் அது. இன்னொன்றில் வண்டிச் சக்கரம் புதைந்த இடத்தில் எல்லை திடீரென்று மூக்கு நீட்டும். அடைமழையில் வந்த ஒருவர் டீக்கடைத் தாழ்வாரத்தைவிட்டு இறங்கவே இல்லை. டீக்கடைக்காரருக்கு முறை தெரியாது, அவர் பாட்டுக்கு "நீங்க நிக்கிற எடம்தான் சார்" என்று சொல்லிவைக்க, அந்தப் படத்தில் எங்கள் ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது. எல்லாப் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் கோழி கிளறிப்போட்ட குப்பை மாதிரி இருக்கும். அதைத்தான் அரசாங்கம் நிலப்படம் என்று சொல்லிக் கெட்டி அட்டை போட்டு வைத்திருந்தது.

இந்தக் கோலத்தில்தான் நீதிமன்றம் உத்தரவு போட்டது, கழுவெளிக்குள் இருக்கிற கட்டடங்களை எல்லாம் இடிக்க வேண்டும், அதற்கு முன்னால் கழுவெளி எதுவரைக்கும் என்று அளந்து கல் நட வேண்டும் என்று.

அப்போது கடைசி வீடு பூங்காவனத்தினுடையது. புருஷன் போன பிறகு கழுவெளியில் கைவிட்டு நண்டு பிடித்து விற்று எழுப்பிய வீடு. முதலில் கோரைக் கூரை போட்ட குடிசையாக இருந்தது, பிறகு மண்சுவர் வந்தது, பிறகு செங்கல், கடைசியில் தளம். ஒவ்வொரு தடவையும் அவள் விரலில் ஒரு நண்டுக்கடித் தழும்பு கூடியிருந்தது. பட்டா கிடையாது. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்பங்கரை. தையில் மகள் அம்சாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டோடு இருப்பதாக ஏற்பாடு. வீடு போனால் கல்யாணமும் போகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தணிகாசலம் குடையோடு வந்தார். ஒல்லியான மனிதர், எங்கே போனாலும் டீகூட வாங்கிக் குடிக்காத நேர்மைக்காரர். அவரிடம் ஒரே ஒரு குறைதான் உண்டு, சொன்னதை நம்புவார். முன்னால் வந்த அதிகாரிகள் எல்லாருக்கும் நாங்கள் சொல்வது மரியாதை என்று தெரியும், தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பூங்காவனம் அவரைத் தன் வீட்டைத் தாண்டி, பின்பக்கம் தனியாக நிற்கிற சீமைக் கருவேல மரம்வரை அழைத்துப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க நிக்கிற எடம்தான் சார்" என்றபோது, அவர் குடையை மடக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நெஜமாவாம்மா?" என்று கேட்டார்.

இத்தனை தலைமுறையில் அப்படி யாரும் திருப்பிக் கேட்டதே இல்லை. பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள். தளம் போட்ட வீடு முதுகுக்குப் பின்னால் இருந்தது. குனிந்து, கழுவெளித் தண்ணீரில் ஒரு கை அள்ளி, "இந்தத் தண்ணி மேல சத்தியமா சார், நீங்க நிக்கிற எடம்தான் எல்லை" என்று சொல்லிவிட்டாள்.

தண்ணீர் அதைக் கேட்டுக்கொண்டது.

திரும்பி ரோட்டுக்குப் போகிற வழியில் அவர் பூங்காவனத்தின் வீட்டுக்குள் நுழைந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அடுப்பங்கரையில் நின்று செம்பை வாய்க்கு உயர்த்தியபோது அம்சாதான் முதலில் பார்த்தாள். அவருடைய வலது கால் பதிந்த இடம் காய்ந்திருந்தது. இடது கால் பதிந்த இடத்தில் சிமெண்டுத் தரையிலிருந்து தண்ணீர் ஊறி, அதில் நகக்கண் அளவுக்கு ஒரு நத்தை நகர்ந்துகொண்டிருந்தது.

"சார், கால நவுத்துங்க" என்றாள் அம்சா.

அவர் நகர்த்தினார். புதிய இடத்திலும் ஊறியது. கொஞ்சம் தள்ளி நின்றார், அங்கேயும் ஊறியது. எங்கே நின்றாலும் இடது கால் ஈரத்தில், வலது கால் காய்ந்த தரையில். எல்லை என்றால் அதுதானே?

தாலுகா இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் அவரைக் கடைசிப் படிக்கட்டில் இடது காலை வெளியே தொங்கவிட்டு உட்காரச் சொன்னார், மழை பெய்யாத தார்ரோட்டில் பஸ் போன வழியெல்லாம் ஒற்றைக்கோடாக ஈரம் போயிற்று, கொக்குகள் அதைப் பின்தொடர்ந்தன. டீக்கடையில் அவருக்கென்று ஒரு கோணிச்சாக்கு ஒதுக்கிவைத்தார்கள். வீட்டில் அவர் மனைவி ரேணுகா கட்டிலை வாசற்படிக்கு இழுத்துப் போட்டு, இடது கால் தெருச் சாக்கடைப் பக்கம் இருக்குமாறு படுக்கச் சொன்னாள். காலையில் எழுந்து பார்த்தால் சாக்கடையில் அல்லி பூத்திருக்கும். "பூவா பூத்தா மட்டும் போதுமா, கால் அழுகுதே" என்று சொல்லி அழுதுகொண்டே மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போடுவாள். பற்று நிற்காமல் கரைந்து போய்விடும்.

ஓர் இடத்தில் அவர் கொஞ்ச நேரம் நின்றால் காலடி மட்டும்தான் நனைந்தது, நாள் முழுக்க இருந்தால் கழுவெளியே எல்லையை அங்கே இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது, கோரையும் சம்புவும் தவளையுமாக. இது தெரிந்ததும் மேற்கே கிணறு வற்றிப்போன ஊர்க்காரர்கள் மேளதாளத்தோடு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், வயல் நடுவே நாற்காலி போட்டு உட்காரவைத்து மாலை போட்டார்கள். வந்த தண்ணீர் உப்பாக இருந்தது. மாலையைக் கழற்றிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனை போட்டு விற்கிறவர்கள் தங்கள் மனைப்பிரிவுகளின் வாசலில் அவர் படத்தை ஒட்டி, இந்த ஆளை உள்ளே விடாதே என்று காவல்காரர்களுக்குச் சொல்லிவைத்தார்கள். தாலுகா ஆபீசில் அவர் மேஜைக்குக் கீழே குரவை மீன் துள்ளியது, கீழ்த்தட்டில் இருந்த கட்டுகள் நொதித்தன. மருத்துவ விடுப்புக் கேட்டார். எல்லையாக இருப்பது நோய் அல்ல என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசியில் மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு குறிப்பாணை வந்தது, சர்வேயர் இனிமேல் எல்லையை அலுவலகத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று. அதை எழுதியவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் கால் நனைந்துகொண்டிருந்தது.

ஆக, போக்கிடம் இல்லாமல் தணிகாசலம் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தார். பூங்காவனத்தின் முன் நின்று, "அம்மா, நீங்க சொன்னதுதான். நீங்களே இல்லன்னு சொல்லிடுங்களேன்" என்றார்.

ஊரே கூடியது. பூங்காவனம் கழுவெளித் தண்ணீரைக் கையில் அள்ளிக்கொண்டு, "சார், நீங்க நிக்கிற எடம் எல்லை இல்ல சார்" என்றாள். அவள் சொன்னால் போதாதோ என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல ராகமிட்டுச் சொன்னோம். தண்ணீர் கேட்கவில்லை. அவர் இடது காலுக்கடியில் ஒரு நண்டு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சேற்றுக்குள் போனது.

அப்புறம் யாரோ ஒரு யோசனை சொன்னார்கள், அவர் எங்கேயும் நிற்காமல் இருந்தால் என்ன? கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டோம். காலில் ஈரம் ஊறுவது நின்றது, அவர் முகம் தெளிந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஊரில் உப்பு கொட்ட மறுத்தது, தீப்பெட்டி உரச மறுத்தது, துணி காய மறுத்தது, அப்பளம் முறுக்குப்போல முறுக்கிக்கொண்டு பிறகு துவண்டது, பெருமாள் கோயில் சுவரில் பாசி ஏறியது. எல்லை எங்கேயும் இல்லையென்றால் கழுவெளி எல்லா இடத்திலும் இருக்கும் என்பது எங்களுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கட்டிலைக் கீழே வைத்தோம். தணிகாசலம் எழுந்து நின்று, யாரும் சொல்லாமலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் கால் வைத்தார்.

மழைக்காலம் முடிந்ததும் கல் நடுவதைப் பார்வையிட நீதிமன்றம் ஒரு வக்கீலம்மாவை அனுப்பப்போவதாகத் தகவல் வந்தது. அவர் வருகிற அன்றைக்குத் தணிகாசலம் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் கல். வீடுகளுக்கு ஆபத்து வரக் கூடாது என்று ஊரில் சிலர் அவரைப் படகில் ஏற்றிக் கழுவெளியின் நடுவே, சம்பு அடர்ந்த திட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவரும் மறுக்கவில்லை. "என்னால யார் வீடும் போக வேணாம்" என்றார்.

ஆனால் அவர் நடுவில் இருக்க இருக்க, எல்லையும் நடுவுக்குப் போயிற்று. கரைப்பக்கம் வெடித்தது. கோரை வெளுத்தது. பூங்காவனம் நண்டு வளைகளில் கைவிட்டால் சாம்பல் மாதிரி மண்தான் வந்தது. எங்கள் கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. மேற்கேயிருந்து லாரிகள் வந்து, புதிதாகக் காய்ந்த நிலத்தில் வெள்ளைக் கொடி நட்டு நூல் பிடிக்க ஆரம்பித்தன. வீடு பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதைத் தின்பது?

பூங்காவனமே வெடித்த சேற்றில் நடந்து திட்டுக்குப் போனாள். அவர் ஒற்றைக்கால் கொக்கைப்போல நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார், கரைக்கு வந்துருங்க" என்றாள்.

"உங்க வீடும்மா?"

"வீட்டத் தாண்டி கருவேல மரம் இருக்குதுல்ல, மொதமொதல்ல நான் சொன்ன எடம். அங்கயே நில்லுங்க. வீடும் நிக்கும், நண்டும் நிக்கும். அந்தம்மா வந்து கல்லு நடுறவரைக்கும் நின்னாப் போதும்."

"நின்னுடுவேம்மா" என்றார் தணிகாசலம். சொன்ன சொல் தவறாதவர்தான். ஆனால் காலைப் பற்றி அவரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. முழங்கால்வரை வெளுத்து ஊறிப்போயிருந்தது.

வக்கீலம்மா வருவதாகச் சொன்ன அன்று விடிந்ததிலிருந்து அவர் கருவேல மரத்தடியில் நின்றார். இடது கால் கழுவெளிப் பக்கம், வலது கால் வீட்டுப் பக்கம். சீமைக் கருவேலத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது, முள்தான் உண்டு. வெயில் ஏறியது. குடையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம், பிடி நழுவிக் குடை விழுந்தது. உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தால் எல்லை எங்கே போகுமோ என்று பயந்து மறுத்தார். வக்கீலம்மாவின் ஜீப் வழியில் டயர் வெடித்து நிற்பதாகச் செய்தி வந்தது. நாங்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூங்காவனம் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சிவேளையில் அவருடைய கண் செருகியது. விழப்போனவரைப் பூங்காவனம் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது. காலின் தோல் அவள் கையோடு வந்தது.

"அக்கா, தூக்காத! அங்கயே புடிச்சு நில்லு, ஜீப்பு வந்துரும்!" என்று கூச்சலிட்டோம். நாங்கள்தான் கூச்சலிட்டோம், மறைப்பானேன்.

"செத்துருவாருடா" என்றாள்.

"ஊருக்குள்ள பெருமாள் கோயிலுக்குக் கொண்டு போலாம்க்கா, வண்டி கொண்டாரோம்!"

"வண்டி வர்ற வரைக்கும் உசுரு நிக்குமாடா? வழிவிடுங்க."

பக்கத்தில் நிழல் இருந்தது ஒரே இடத்தில்தான். பூங்காவனம் அந்த நிழலைப் பார்த்தாள், அது அவளுடைய அடுப்பங்கரை. எல்லை கேட்டு வருகிற எவரையும் தயங்கவிடாமல் தாண்ட வைக்க வேண்டிய வீடு. அம்சா வாசலில் நின்று, "எம்மா, வேணாம்மா" என்று ஒரு தடவை சொன்னாள், அப்புறம் அவளே வந்து கால்மாட்டில் பிடித்தாள். தாயும் மகளுமாக அவரை உள்ளே கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்தி, தலையில் தண்ணீர் ஊற்றி, உப்புக் கரைத்த கஞ்சியை வாயில் விட்டார்கள். ஊர் வெளியே நின்றது.

கண் திறந்தபோது தணிகாசலம் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். பார்த்ததும் பதறி எழுந்து நின்றார். இடது காலுக்கடியில் சிமெண்டுத் தரை குளிர்ந்து கசிந்தது. ஈரம் ஒரு நேர்கோடாக ஓடி, ஒரு பக்கம் அடுப்பையும் அம்மியையும், இன்னொரு பக்கம் முன்னறைக்குப் போகிற வாசற்படியையும் விட்டுவிட்டு, இரண்டு சுவரையும் தொட்டு நின்றது. அந்த நேரத்தில்தான் வாசலில் ஜீப் நின்றது.

வக்கீலம்மா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது ஆற்றியிருப்போம். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், தரையைப் பார்த்தார், தணிகாசலத்தின் காலைப் பார்த்து முகம் சுளிக்காமல் "ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்று கேட்டார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"சர்வேயர், எல்லை எங்கே?"

தணிகாசலம் பூங்காவனத்தைப் பார்த்தார். ஒரு பொய். கருவேல மரத்தைக் காட்டி ஒரு விரல் நீட்டினால் போதும். அவருக்கு வாய் கோணிற்று, கண்ணீர் வந்தது. விரலைத் தூக்கவும் தூக்கினார். "அங்க..." என்று ஆரம்பித்தார். அவர் காலடியில் குரவை மீன் ஒன்று துள்ளி வக்கீலம்மாவின் செருப்பின்மேல் விழுந்தது. அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபடுமா?

"நான் நிக்கிற எடம்தாம்மா" என்றார் தணிகாசலம்.

பூங்காவனம் அந்த மீனை எடுத்துச் சட்டியில் போட்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுப்பங்கரையின் நடுவில் கல் நட்டார்கள். கல் இறங்கிய கணத்தில் தணிகாசலத்தின் இடது கால் காய்ந்தது. அவர் நம்பாமல் இரண்டு எட்டு நடந்தார், மூன்றாவது எட்டில் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்காக நாங்கள் சந்தோஷப்பட்டோமா, வயிறு எரிந்தோமா என்று கேட்டால் இரண்டும்தான். அடுத்த வாரம் இயந்திரம் வந்து, கல்லுக்குக் கிழக்கே இருந்த பாதி அடுப்பங்கரையை மட்டும், உத்தரவில் இருந்தபடி துல்லியமாக இடித்துவிட்டுப் போனது. பின்பக்கச் சுவர் இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை வந்து பார்த்தார்கள். காபி குடித்தார்கள். அப்புறம் வரவில்லை.

கல் நட்ட பிறகு தண்ணீர் அந்தக் கல்லை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. காலைவிட்டு எல்லை போனதில் விடுதலை தணிகாசலத்துக்கு மட்டுமா, தண்ணீருக்கும்தான். அந்தச் சித்திரையில் கல்லைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் புழுதி. ஐப்பசியில் கல்லையும் பூங்காவனத்தின் மிச்ச வீட்டையும் தாண்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் படிவரை வெள்ளம். ஒரு நாளாவது, ஒரு பொழுதாவது, ஈரமும் காய்ந்த தரையும் அந்தக் கல்லில் சந்தித்துக்கொண்டதாக நாங்கள் பார்த்ததில்லை. தணிகாசலம் வேறு தாலுகாவுக்கு மாற்றலாகிப் போனார். ஒரு தடவை லீவு போட்டுவிட்டு வந்து, இடிந்த பக்கத்தில் நின்று, மேலே தகரம் போட்டுத் தரவா என்று கேட்டார். பூங்காவனம் வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் கல்லின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். "உங்க கால் தேவலையா சார்?" என்று கேட்டாள். "தேவலைம்மா. எங்க நிக்கிறேன்னுதான் இப்பல்லாம் தெரியறதில்ல" என்றார்.

போன மாதம் மறுபடி உத்தரவு வந்தது. கல் தவறான இடத்தில் இருப்பதாக யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள், புதிதாக அளக்க வேண்டும். வந்தது ஒரு சின்னப் பெண், இப்போதுதான் வேலையில் சேர்ந்தவள். மூன்று கால் வைத்த கருவியைத் தோளில் சுமந்துகொண்டு, புதுச் செருப்பு சேறாகாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக்கொண்டு வந்தாள். முறைப்படி ஊரைத் தாண்ட வைத்து, பூங்காவனத்தின் வீட்டையும் தாண்ட வைத்து அழைத்துப் போனோம். கருவேல மரம் இருந்த இடத்தில் தரை மெத்தென்று ஆனது. அவள் தயங்கி நின்றாள், செருப்பைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எல்லை எங்கம்மா?"

நாங்கள் எல்லாரும் பூங்காவனத்தைப் பார்த்தோம். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வார்த்தை அவள் வாய்வரைக்கும் வந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். சொன்னால் மிச்சமிருக்கிற முன்னறை தப்பும். அம்சா தலையில் கைவைத்துக்கொண்டு, சொல்லும்மா என்று கண்ணால் கெஞ்சினாள். பூங்காவனம் அந்தப் பெண்ணின் செருப்பைப் பார்த்தாள், அதற்குள் இருந்த காலைப் பார்த்தாள். மருதாணி இன்னும் வெளுக்காத கால்.

"தெரியாதும்மா" என்றாள்.

எங்கள் ஊரில் ஓர் அதிகாரியிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. அந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு பதிலை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை போலிருக்கிறது. "பரவாயில்லம்மா, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கருவியைத் தூக்கினாள். கருவி எதையோ கண்டுபிடித்ததுபோல ஒரு சத்தம் போட்டது. இங்கேதான் என்று சொல்லி நிறுத்த யாரும் இல்லாததால், அவள் திரும்பி, கருவி காட்டிய பக்கமாக, வீட்டை நோக்கி நடந்து வந்தாள். கல்லைத் தாண்டினாள். பூங்காவனம் முன்னால் ஓடிப்போய், அவள் கால் இடறாதபடி வழியில் கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.